குழாயின் மனப்பான்மை

மாணவர்களின் மனப்பான்மையை மாற்றுவது ஊடகம்தான் என்று உயர்கல்வி மேலிடம் தீர ஆராய்ந்து கண்டுபிடித்தது. ஆகவே சுற்றுச்சூழல் பாடத்துக்குப் பரீட்சை ரத்து. ஒவ்வொரு மாணவரும் இயற்கை வளத்தைக் காக்கும் வீடியோ ஒன்றை வெளியிட வேண்டியது. பார்த்தவர்களின் எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போட வேண்டியது.

உத்தரவு வந்த அன்று, மகளிர் விடுதியில் 'ஸ்பானர்' என்று பேரெடுத்த கடைசி வருட மாணவி ஒருத்தி, மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றி முடித்திருந்தாள். அவளுக்கு ஒரு நல்ல வேலை காத்திருந்தது. இந்தப் பாடம் தேறினால் பட்டம், பட்டம் வந்தால் வேலை. தைரியமாகப் பேராசிரியரிடம் போனாள்.

"ஒழுகுற குழாயைச் சரி பண்ணிட்டேன் சார்."

"ரொம்ப சந்தோஷம். வீடியோ எங்கே?"

"எடுக்கலை சார்."

"அப்புறம் உன் மனப்பான்மை மாறினது எனக்கு எப்படித் தெரியும்?"

"சொட்டுறது நின்னுடுச்சே சார்."

"அது குழாயோட மனப்பான்மைம்மா. உன்னோடது எங்கே?"

நியாயமான கேள்விதான். வாஷரைக் கழற்றிக் குழாயை மீண்டும் ஒழுகவிட்டு, பிறகு மாட்டி, அதைப் படமெடுக்குமாறு அவள் அறிவுறுத்தப்பட்டாள்.

விஷயம் விடுதி முழுக்கப் பரவிவிட்டது. ஒழுகுகிற குழாய் கிடைப்பது லேசா? அத்தனை பேரும் செல்போனோடு வந்து நின்றார்கள். "உனக்குத்தான் வேலை தெரியுமே, சட்டுனு முடிச்சிடுவே" என்று ஸ்பானரைக் கடைசிக்குத் தள்ளினார்கள்.

"இன்னும் கொஞ்சம் திறந்து விடுடி, சொட்டு சொட்டா வந்தா சோகமே வரலை."

"முகத்துல வெளிச்சம் விழலை, மறுபடி கழட்டு!"

இயற்கையின்மேல் இவ்வளவு பாசத்தை அந்தக் குளியலறை அதுவரை கண்டதில்லை. ஸ்பானரின் முறை வந்தபோது விடுதியின் மாடித் தொட்டியில் பொட்டுத் தண்ணீர்கூட இல்லை. குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. வேலை போச்சே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தக் குழாயையும் அழுகையையும் படமெடுத்து வெளியிட்டாள்.

அது பிய்த்துக்கொண்டு போனது. ஒரு சொட்டுகூட வீணாக்காத ஒரே வீடியோ என்று பேராசிரியர் முழு மதிப்பெண் போட்டார். எல்லாக் கல்லூரிகளும் உடனடியாகத் தொட்டிகளைக் காலி செய்து மாணவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டும்படி மேலிடம் சுற்றறிக்கை விட்டது.

ஸ்பானர் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பாஸ் ஆயிட்டேன்!"

"பார்த்தேன்டி கண்ணு. திரும்பத் திரும்பப் பார்த்து அழுதுட்டே இருக்கேன். அந்தக் காய்ஞ்ச குழாயை நினைச்சா மனசே ஆறலை."

"பின்னாடி என்னம்மா சத்தம், மழையா?"

"ஐயையோ! மோட்டாரைப் போட்டுட்டு உன் வீடியோவுல உட்கார்ந்துட்டேன்டி. தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் ஓடுது!"

"முதல்ல மோட்டாரை நிறுத்தும்மா!"

"நிறுத்துறேன், இரு. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் இந்தப் பாடம் இருக்காம். அவ எடுத்து முடிச்சுடட்டும்."