முழம் என்றால் யாருடைய கை?

பஜார் வீதி,
இரத்தினபுரி.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை மதுசன் அவர்களுக்கு மாமி புஷ்பவதி எழுதிக்கொள்வது. இங்கு நானும் கடையும் சுகம். வத்தளையில் நீங்களும் மகள் அனுஷியாவும் சுகமாயிருக்க அம்மன் துணை.

சித்திரையில் நீங்கள் திறந்து தந்த ஒன்லைன் பூக்கடையை நேற்று மூடிவிட்டேன். எப்படி மூடுவதென்று தெரியாததால், பூக்கட்டும் ராகினியைக் கொண்டு எல்லாப் பூவுக்கும் நேரே ‘கையிருப்பில் இல்லை’ என்று போட வைத்தேன். அவள் அதைப் போடும்போது மல்லிகை கூடை கூடையாக அவள் மடியை முட்டிக்கொண்டிருந்தது. இதைப் போனில் சொன்னால், “அது சிம்பிள் மாமி” என்று ஆரம்பித்து என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் வேலையில் குறை இல்லை மாப்பிள்ளை. படமெல்லாம் அவ்வளவு அழகு. அந்த அழகுதான் முதல் வில்லங்கம். பௌர்ணமிப் போயா தினத்துக்குப் புத்தர் பன்சலைக்குக் கொண்டுபோகப் பூ வாங்க வந்த சிங்கள நோனா ஒருத்தி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “அக்கே, மட்ட ஓனே மே மல தமய்” என்று நின்றாள். படத்தில் இருக்கிற அதே தாமரைதான் வேண்டுமாம். அது வெசாக் பண்டிகைக்கே போய்விட்டது, இது அதன் தங்கை என்று சிங்களத்தில் எவ்வளவோ சொன்னேன். படத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு இதழ் குறைகிறதென்று விலையைக் குறைத்துக்கொண்டு போனாள். பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் மல்லிகைச் சரம் கேட்டார். பார்சலில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், பார்த்தேன். தொழிற்சாலையில் வாட்டி அரைக்கப் போகிற தேயிலைக் கொழுந்து மாதிரி இருந்தது. கொழுந்துக்கூடை சுமந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமற்போனது ஒரு முழத்துக்கு நீங்கள் போட்ட நாற்பத்தைந்து சென்டிமீட்டர். ஆவணி பிறக்கப் போகிறது. நிவித்திகலப் பக்கத்துத் தோட்டங்களில் கலியாணத்துக்கு மேல் கலியாணம். அந்த ஒரு மாதம்தான் இந்தக் கடைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுகிறது. அந்தக் கலியாணங்கள் அத்தனையும் எதிர்க்கடை சதீஸிடம் போய்விடப் பார்த்தன.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. என் கை கொஞ்சம் குட்டை. பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதற்கு ஈடாக, அளந்து முடித்தபின் ஒரு சாண் கிள்ளி, “இந்தா, கொசுறு” என்று போடுவேன். வாங்குகிறவளுக்குச் சும்மா கிடைத்த சந்தோஷம், எனக்கு அள்ளிக் கொடுத்த பெருமை. கணக்கு எப்படியும் சரியாகிவிடும். இந்த ஏற்பாட்டுக்குள் நீங்கள் சென்டிமீட்டரைக் கொண்டுவந்து விட்டீர்கள்.

ஜீவராணியைத் தெரியுமல்லவா, தோட்டத்து மாதர் சங்கத் தலைவி? அவள் எங்கே பூ வாங்குகிறாளோ அங்கேதான் அந்தத் தோட்டமே வாங்கும். அவள் மகளுக்கு ஆவணியில் கலியாணம். ஆடி வெள்ளிப் பூசைக்கு ஒன்லைனில் சொல்லிய பூவை எடுக்க வந்தவள், பையிலிருந்து தையற்கார நாடாவை உருவினாள்.

“அக்கா, போன்ல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஒங்க கையில முப்பத்தொம்பதுதான் வருது.”

“இனிமே கை வளர்ற வயசா எனக்கு? ஒன் கலியாணத்துக்கும் இந்தக் கைதானடி அளந்துச்சு!”

“அதான் அன்னைக்குப் பூ கொண்டையில பாதியோட நின்னுருச்சு!”

கடையே சிரித்தது. ராகினியும் சிரித்தாள், சம்பளம் வாங்குகிறவள். சரியென்று நாடா பிடித்தே அளந்து கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி கையை நீட்டுகிறாள்.

“கொசுறு?”

“நாடாவுல அளந்த பூவுக்கு ஏதுடி கொசுறு?”

“சாமி காரியத்துக்குக் கொசுறு இல்லாம வாங்குவாங்களா? சதீஸ் தம்பி கேக்காமலே கிள்ளிப் போடுதுங்க. கலியாணப் பூவ அங்கயே சொல்லிக்கிறேன்.”

நேரே தெருவைத் தாண்டினாள். சதீஸ் அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே ராகினியைக் கூப்பிட்டு, “போடு எல்லாத்துக்கும் இல்லைன்னு” என்றேன். திரும்பத் திறக்கும் பேச்சே வேண்டாம் மாப்பிள்ளை. இது முடிவு.

மகள் பூவும் பொட்டுமாக, நீங்கள் கைநிறைய வேலையும் வயிறு நிறையச் சாப்பாடுமாக இருக்க வேண்டும். ஊர்ப்பக்கம் வந்தால் கோழி அடிக்கிறேன், கம்பியூட்டரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமி
புஷ்பவதி

பி.கு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் ஜீவராணி போனில் கூப்பிட்டாள். “அக்கா, ஒங்க கடையில ஒரு பூவும் இல்லைன்னு போட்டிருக்கே! தோட்டமே பயந்து கெடக்கு. சதீஸ் அதைப் பாத்துட்டு வெலைய ஏத்திட்டான். எனக்குக் கொஞ்சமாச்சும் ஒதுக்கி வைங்கக்கா.” எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பூ இருக்குடி, போன்தான் இல்லைங்குது” என்றேன். “எம்மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க” என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று கலியாண வீட்டார் போனில் பூக் கேட்டுவிட்டார்கள். ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டு, இன்றைக்கே ஒன்லைன் கடையைத் திறந்து விடுங்கள். நாற்பத்தைந்தை எடுத்துவிட்டு, ‘முழம் என்பது வாங்குகிறவர் கை, பெண்கள் மட்டும்’ என்று போடுங்கள். நாடாவும் வேண்டாம், உங்கள் கையும் வேண்டாம், என் கையால் அளக்க வேண்டும் என்று ஜீவராணி போனில் கேட்டது அதுதான். தன் கை என்னுடையதைவிட ஒரு விரல் குட்டை என்பதை அவள் இன்னும் பார்க்கவில்லை. பேசி முடித்தது இவ்வளவு: முழம் இருநூறு ரூபாய், பாதிப் பணம் முன்கூட்டி, அளப்பது ஜீவராணியின் சொந்தக் கை, கொசுறு ஒரு சாண், அது என் கை.