ஸ்டேஷன் ரோட்டு நடைபாதை

லத்தீஃபா வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு காலில்தான் ஷூ இருந்தது. மற்றது ஸ்டேஷன் ரோட்டுச் சேற்றில் கிடந்தது. லாரி ஒன்று உரசுவதுபோல வர, அவள் ஓரத்துப் பள்ளத்தில் குதித்திருந்தாள். நியூஜெர்சியில் அவர்கள் குடியிருந்த ஊரில், ரயிலைப் பிடிக்க அந்த அரை மைலை நடந்தாக வேண்டும். அங்கே நடைபாதை கிடையாது.

அவள் கணவர் பசீர் அகமதுவுக்கு ரத்தம் கொதித்தது. அந்த நடைபாதைக்கென்றே தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் வாஷிங்டனில் கேட்டு எட்டு லட்சம் டாலர் ஒதுக்கீடு வாங்கியிருந்தார். இயர்மார்க் என்று அதற்குப் பெயர். கதவளவு செக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரிக்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்து இரண்டு வருடமாகிறது. பணம் எங்கே?

அது மார்ச் மாதம். அன்றே எழுத ஆரம்பித்தார். உறுப்பினரின் அலுவலகம் மாநிலத்தைக் கைகாட்டியது. மாநிலம், நம்மூர் மாவட்டம் போன்ற கவுன்ட்டியைக் காட்டியது. கவுன்ட்டி, உங்கள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பையே கேளுங்கள் என்றது. என் மனைவி செத்தால்தான் வேலை தொடங்குமா என்று டவுன்ஷிப்புக்கு எழுதினார்.

இதற்கு உடனே பலன் கிடைத்தது. அந்த ரோட்டில் 'பாதசாரிகளுக்கு அனுமதியில்லை' என்று பலகை நட்டார்கள்.

லத்தீஃபா ஒன்றரை மைல் சுற்றிப் போனாள். மூன்றாம் நாள் ரயிலைத் தவறவிட்டாள்.

"நீங்க ஹெல்ப் பண்ணினது போதுங்க," என்றாள்.

அவர் விடவில்லை. பலகையை எதிர்த்து ஆறு கடிதம் போட்டார். பலகை போனது. அதற்குப் பதிலாக, பாதுகாப்புக்கு என்று சாலையோரம் முழுக்க ஆரஞ்சு டிரம்களை அடுக்கினார்கள். முன்பு ஓரத்திலாவது நடந்தவள், இப்போது லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டியதாயிற்று.

அரசு ஆவணங்களை யார் கேட்டாலும் ஏழு வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்ற சட்டத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தார். வரைபடம் கேட்டார், மண் பரிசோதனை கேட்டார், டிரம்முக்கு உத்தரவு போட்டது யார் என்று கேட்டார். திங்கட்கிழமை தவறாமல் ஒன்று போகும். பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. நடைபாதை மட்டும் வரவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு அவரே அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, பிளெய்ன்ஸ்பரோவிலிருந்த தன் ஆபீசுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போனார்.

நவம்பரில் லீவு போட்டுவிட்டு டவுன்ஷிப் அலுவலகத்துக்கே போனார். பெயரைக்கூடச் சொல்லாமல், ஸ்டேஷன் ரோட்டு நடைபாதை என்னாச்சு, பதில் தெரியாமல் நகரமாட்டேன் என்று ஆங்கிலத்தில் கவுன்ட்டரைத் தட்டினார். அடக்க முடியாமல், "திருட்டுப் பசங்க," என்று தமிழில் முணுமுணுத்தார்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். சட்டையில் கலாவதி என்ற பெயர் அட்டை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நம்ம ஊர்க்காரரா இருக்கீங்க, அதனால சொல்றேன் சார். யாரும் திருடல. பணம் ஏப்ரல்லயே வந்துடுச்சு. இங்க இருக்கிறது ஒரே ஒரு எஞ்சினியர். அவர் டிராயிங்க முடிச்சு சைன் பண்ண உட்காரும்போதெல்லாம் ஒரு லெட்டர் வந்துடுது. எல்லாத்தையும் போட்டுட்டு அதுக்குப் பதில் தேடணும். இதுவரைக்கும் நாற்பத்தொண்ணு."

பசீர் அகமது கவுன்ட்டரிலிருந்து கையை எடுத்தார்.

"எல்லாம் ஒரே ஆளு சார். பசீர் அகமதுன்னு யாரோ. உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா, ரெண்டே ரெண்டு வாரம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன்."