தயாரித்தவர்: சுப்பராமன்

இனிமேல் என் மனைவி நீரஜாவின் அண்ணாவுடைய பீரோவைத் தூக்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அநியாயம் ஸார்! மூன்று வருஷத்தில் நங்கநல்லூருக்குள்ளேயே நாலு வீடு மாறிவிட்டார் மனுஷர். நாலு தடவையும் தூக்கினவன் நான். அவர் பின்னாலேயே "பாத்து, பாத்து" என்று வருவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வீடாம். என் இடுப்பு என்ன கார்ப்பரேஷன் சொத்தா?

எனக்குத் தேனாம்பேட்டையில் கம்ப்யூட்டர் வேலை. கடிதம், பத்திரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே உருவாக்கவும், திறந்து படிக்கவும் புரோகிராம் எழுதித் தருகிறோம். மற்றவர்களின் புரோகிராம் அதை ஒரே வரியில் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நானும் அந்தப் புரோகிராமைக் கூப்பிட்டேன். "ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வரவும்" என்று மானேஜர் பெயரில் கம்பீரமாக ஓர் ஆர்டர் தயார். ஃபிளாப்பியில் போட்டு நீரஜாவிடம் நீட்டினேன்.

அவள் தி. நகரில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிறவள். அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஏன்னா, இதை மானேஜரா தயாரிச்சார்?"

"பின்னே, பால்காரனா?"

இரண்டே வரி தட்டினாள். திரையில் வந்தது: "தயாரித்தவர்: சுப்பராமன். நேரம்: மாலை 6.45."

எந்தக் கம்ப்யூட்டரில் உருவானதோ, அதன் சொந்தக்காரர் பெயரைக் கடிதத்துக்குள் தானாகவே எழுதிவைக்கிற வசதி. அதைச் சேர்த்த அதிமேதாவி யார்? நானேதான்! ஒரு மாசம் ராப்பகலாக உட்கார்ந்து எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"சரி, விடுங்கோ," என்றாள். சண்டையே போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அண்ணா வந்தார். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டார்.

"மாப்ளே! லெட்டர் படிச்சேன். கண்ணுல ஜலமே வந்துடுத்து. 'பீரோவை நானேதான் தூக்குவேன், வேற யாரும் தொடப்படாது'ன்னு எழுதியிருக்கேளே!"

"நான் எழுதலை!"

"அப்படியா?" நீரஜா ஃபிளாப்பியைச் செருகித் தட்டினாள். தயாரித்தவர்: சுப்பராமன்.

"இவதான் நம்மாத்துக் கம்ப்யூட்டர்ல உக்காந்துண்டு..."

"அப்போ உங்க புரோகிராம் பொய் சொல்றதா? அண்ணா ஆபீஸ்ல அதைத்தான் வாங்கப் போறா. அவர் எதிர்லயே சொல்லுங்கோ, பொய் சொல்லுமா?"

அக்கிரமம் ஸார்! சொல்லும் என்றால் என் வேலை போகும். சொல்லாது என்றால் இடுப்பு போகும்.

"சொல்லாது," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்போ ரெண்டாம் பக்கத்தையும் படிச்சுடுங்கோ," என்றாள் நீரஜா. "கிரைண்டரும் இருக்கு."