புதூர் மாதிரி

கோவில்பட்டி உலகத்துக்குத் தீப்பெட்டி கொடுத்தது, கடலைமிட்டாய் கொடுத்தது. மூன்றாவதாகக் குருட்டு ஆடு கொடுத்தது. முதல் இரண்டுக்கும் கிடைத்த பெயர் மூன்றாவதற்குக் கிடைக்காமல் போனது மானுட குலத்தின் நன்றியின்மையையே காட்டுகிறது. அந்த மகத்தான சாதனை நிகழ்ந்தபோது நான் கூடவே இருந்தேன். எட்டயபுரம் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே கண்ணாடிச் சுவரோடு நிற்கும் 'விழித்திரை உயராய்வு மையத்'தின் அலுவலகக் கண்காணிப்பாளர் நான்.

எங்கள் மையத்தின் நோக்கம் புனிதமானது. விழித்திரை கெட்டுப்போன மனிதர்களுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க, விழித்திரை கெட்டுப்போன பிராணி ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட பிராணி தானாகக் கிடைக்காது. ரசாயனம் கொடுத்து நாமே கெடுத்துக்கொள்ள வேண்டும். கெடுக்கப்பட்ட பிராணிக்கு ஆய்வுலகில் 'மாதிரி' என்று மரியாதையான பெயர். மருந்து கண்டுபிடிப்பது இரண்டாம் கட்டம். எங்கள் இயக்குநர் முனைவர் கண்ணபிரான் பல ஆண்டுகளாக முதல் கட்டத்திலேயே முழு மனதோடு ஈடுபட்டிருந்தார்.

ஆனால் எலிகள் ஒத்துழைக்கவில்லை. ஒப்பந்தப்புள்ளியில் எவர் ஆகக் குறைந்த விலை சொன்னாரோ அவரிடமே ரசாயனம் வாங்கினோம். ஊசி போடப் போட எலிகள் கொழுத்தன. இயக்குநர் பிரம்பை ஓங்குவதற்கு முன்பே ஒதுங்கின.

"எலிக்கு முன்னைவிட நல்லாக் கண்ணு தெரியுது சார்," என்றார் கால்நடை மருத்துவர் வனிதா.

"வெளிய சொல்லிராதீங்க. மருந்து கண்டுபிடிச்சிட்டோம்னு நெனச்சிருவாங்க," என்றார் இயக்குநர்.

இந்த இக்கட்டில்தான் 'சமூகப் பொறுப்பு' கைகொடுத்தது. புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடுகளுக்கு இலவசமாகக் குடற்புழு மருந்து ஊற்றும் முகாம் நடத்தினோம். மருந்து நன்கொடையாக வந்தது. மாதக் கடைசியில் காலாவதி ஆக இருந்தது. பாட்டில்கள் நிறைய, ஆடுகள் குறைவு.

"ஒரு பாட்டில் மிச்சம் வரக் கூடாது. தாராளமா ஊத்துங்க," என்றார் இயக்குநர்.

"எடைக்குத் தகுந்த அளவுதான் சார் குடுக்கணும். கூடிப்போச்சுன்னா இந்த மருந்து கண்ணைப் பாதிச்சிரும்," என்றார் வனிதா.

"இலவசமாக் குடுக்கும்போது அளவு பாக்கலாமா? நம்மளக் கஞ்சன்னு சொல்ல மாட்டாங்களா?"

வனிதாவுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஊற்றினார்.

அடுத்த வாரம் அந்தக் கிராமத்திலிருந்து முத்துத்தாய் என்பவர் ஒரு சரக்கு ஆட்டோ நிறைய ஆடுகளோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். ஆடு மேய்த்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர்.

"அண்ணாச்சி, ஆட்டுக்குக் கண்ணு தெரியல," என்றார் என்னிடம். "முகாம்ல மருந்து குடிச்சதுலருந்து இப்படித்தான். வேலியில போயி முட்டுது. தண்ணித் தொட்டி எங்கன இருக்குன்னு தெரியாம வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. சினை ஆடு ஒண்ணு கெணத்துக்குள்ள விழுந்து செத்தே போச்சி."

இயக்குநர் டார்ச் விளக்கோடு ஓடி வந்தார். ஒவ்வோர் ஆட்டின் கண்ணிலும் வெளிச்சம் அடித்தார். எந்தக் கண்மணியும் சுருங்கவில்லை. அவர் கண்ணில் நீர் கட்டியது. முத்துத்தாய் அதை இரக்கம் என்று நினைத்துவிட்டார்.

"மாதிரி! எத்தனை வருஷமாத் தேடுன மாதிரி!" என்று கூவினார் இயக்குநர்.

"எந்த மாதிரி சார்?"

"கண்ணு தெரியாத மாதிரிம்மா!"

"கண்ணு தெரியாத மாதிரி இல்ல சார். கண்ணே தெரியல."

"அதேதான்! வாழ்த்துகள்!" என்று முத்துத்தாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே ஓடினார்.

வனிதாதான் விஷயத்தைச் சொன்னார். "அக்கா, மருந்து அளவுக்கு மேல போயிருச்சு. நான்தான் ஊத்துனேன். இனிப் பார்வை வராது."

முத்துத்தாய் ஓர் ஆட்டின் கழுத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "கண்ணு போகும்னு தெரிஞ்சா ஊத்துன தாயி?"

வனிதாவும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

முத்துத்தாய் நட்டஈடு கேட்டார். உடனே எங்கள் நெறிமுறைக் குழு கூடியது. இயக்குநர் தலைவர், அவருடைய மைத்துனர் உறுப்பினர், குறிப்பெடுக்க நான். சிக்கல் மிக நுட்பமானது. நடந்தது விபத்து என்றால் நட்டஈடு கொடுக்க வேண்டும். ஆய்வு என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

"கட்டுரை எழுதும்போது ஆய்வு. காசு கேட்டா விபத்து," என்றார் மைத்துனர்.

"விபத்துன்னாதானய்யா காசு குடுக்கணும்!"

"நம்ம விபத்துன்னாத்தானே மாமா? இது ஆட்டோட விபத்து."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'திட்டமிடாத திட்டம்' என்று நானே தலைப்பிட்டேன்.

'இது ஆட்டோட விபத்து' என்ற தீர்மானத்தை முத்துத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஆடுகளை எங்கள் வாகனக் கொட்டகையில் வரிசையாகக் கட்டினார். "கண்ணு குடுங்க, ஓட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். ஆனால் மறுநாள் காலையே கருவேலங்காய்ச் சாக்கோடு திரும்பி வந்தார். அடுத்தவர் கையால் தீனி வைத்தால் அவை தொடாது என்று அவருக்குத் தெரியும். அதன்பின் தினமும் வந்தார். இயக்குநர் தீவனச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தார். அறிக்கையில் அதற்கு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் கொடுத்தோம்.

'புதூர் மாதிரி'யை அங்கீகரிக்கச் சென்னையிலிருந்து நிபுணர் சங்கரபாண்டி வந்தார். பத்திரிகைக்காரர்களையும் அழைத்திருந்தேன். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு பக்கமும் போட்டு, ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். முதல் ஆடு நாற்காலியில் முட்டியது. இரண்டாவது ஆடு முதல் ஆட்டில் முட்டியது. நிபுணர் திருப்தியோடு தலையசைத்தார்.

அந்த நேரம் பார்த்து முத்துத்தாய் சாக்கோடு வாசலில் நுழைந்தார். "ஏ, வாங்க, வாங்க," என்று வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

எல்லா ஆடுகளும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பின. நடுவில் இருந்த பாதையில் நேராக நடந்து போய் அவரைச் சூழ்ந்துகொண்டன.

நிபுணர் பேனாவை மூடினார். "என்ன கண்ணபிரான், பளிச்சுன்னு பாக்குதே?"

"சத்தத்துக்கு வருது சார்!"

"ஒரு நாற்காலியிலயும் படலையே. பாத்துத்தான் வருது."

இயக்குநர் முத்துத்தாயிடம் ஓடினார். "ஏம்மா, நீயே சொல்லு! இந்த ஆடுகளுக்குக் கண்ணு தெரியுமா?"

முத்துத்தாய் அவரையும் பார்த்தார், பத்திரிகைக்காரர்களையும் பார்த்தார். "எனக்கு என்ன சார் தெரியும்? எல்லாம் ஆட்டோட விபத்துன்னு சொன்னீங்கள்லா?"

"விபத்தா? யாரு சொன்னா விபத்துன்னு?" இயக்குநர் நிபுணரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க ஊத்துன மருந்துலதான் சார் கண்ணு போச்சு! அளவுக்கு மேல ஊத்துனோம்! ஊத்தச் சொன்னதே நான்தான் சார்!"

வனிதா கைதட்டினார். நானும் தட்டினேன், இயக்குநர் பேசி முடித்தால் தட்டுவது என் வழக்கம். பத்திரிகைக்காரர்கள் வேகமாக எழுதினார்கள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க," என்றார் முத்துத்தாய்.

நிபுணர் அங்கேயே மாதிரியை அங்கீகரித்தார். மறுநாள் இயக்குநரின் வாக்குமூலத்தோடு செய்தி வந்தது. இனி 'ஆட்டோட விபத்து' செல்லாது. அதற்கு அடுத்த சந்தையில் மைத்துனர் தாமே எட்டயபுரத்தில் குருட்டு ஆடுகளுக்குப் பதிலாக ஆட்டுக்கு ஆடு பிடித்துக் கொடுத்தார். செத்ததற்கு ஈடாக ஒரு சினை ஆடும் உண்டு. ஒவ்வோர் ஆட்டின் முகத்துக்கு முன்னாலும் கையை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் முத்துத்தாய் வண்டியில் ஏற்றினார்.

பிறகு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, அந்தக் கருப்பிய மட்டும் குடுத்திருங்க. என் மடியில கெடந்து வளந்தது."

"அவை இப்போது அறிவியலின் சொத்து," என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன்.

கொட்டகைப் பக்கம் போய்ச் சிறிது நேரம் நின்றார். அன்று மட்டும் குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வனிதா அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

இயக்குநருக்கு விருது கிடைத்தது. ஆடுகளின் விழிகளைப் பக்குவமாக எடுத்து, கண்ணாடிப் புட்டிகளில் திரவம் ஊற்றி, வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைத்தோம். விருதைக் கொண்டாட அதே கிராமத்தில் முகாம் போட்டோம். இம்முறை மனிதர்களுக்கு. இலவசக் கண் பரிசோதனை, இலவசக் கண்ணாடி, மதியம் சாம்பார் சாதம். ஒலிபெருக்கி தொண்டை கட்டும்வரை கூப்பிட்டது. ஓர் ஆள்கூட வரவில்லை. முத்துத்தாய் மட்டும் புது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பேனரைப் பார்த்ததும் மந்தையை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார்.

ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் பார்த்து இயக்குநர் மனம் நொந்தார். "அறிக்கையில எழுதுங்க. இந்த ஜனங்ககிட்ட விழிப்புணர்வே இல்ல."

அப்படியே எழுதினேன். உணர்வு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விழி மட்டும் அவர்களிடம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. எங்களை நம்பி முதல் முகாமுக்கு வந்த ஆடுகளின் விழிதான் புட்டியில் இருக்கிறது.