கழிவறைக் கம்பியும் ஒரு காலி மூலையும்

யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நான் தனியாக முடித்த முதல் டிசைன், ஒரு கழிவறைக் கம்பி. அது அப்பாவைக் கீழே தள்ளியது. (தள்ளியது கம்பி இல்லை, நான்தான் என்று அம்மா திருத்துவாள்.)

அப்பா மராட்டியப் பக்கம் கட்கியில் ஒரு தொழிற்சாலையின் ட்ராயிங் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைக்க வரும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் அவராகவே கழிவறைக்குப் போய்வர வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், எனக்கும்.

பிடித்து உட்கார்ந்து எழுந்திருக்கிற கம்பி கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் நான் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு மெஷின் பாகம் வரைகிறவள் ஆயிற்றே, சும்மா விடுவேனா? கமோடுக்கு இடப்பக்கம் சுவர். வலது கைக்குப் பிடி வைத்து, தரையில் போல்ட் போட்டு இறுக்குகிற இரும்புச் சட்டம் ஒன்றை மில்லிமீட்டர் சுத்தமாக வரைந்து, வெல்டிங் கடை ஷிண்டேவுக்கு அனுப்பினேன்.

இங்கே ஒரு சின்னப் பாடம் (பொறுத்துக்கொள்ளுங்கள்). ஒரு பொருளை வலப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தைப் படத்திலும் வலப்பக்கமே வரைவது அமெரிக்கர் வழக்கம். நம் ஊரில் சொல்லிக்கொடுப்பது நேர் எதிர், அதை இடப்பக்கம் வரைய வேண்டும். எந்த முறை என்று தெரிய, மூலையில் ஓர் அடையாளம் போடுவார்கள். நுனி வெட்டிய கூம்பு, பக்கத்தில் இரண்டு வட்டம். ஆபீஸ் பழக்கத்தில் நான் அமெரிக்க முறையில் வரைந்தேன், கழிவறைக் கம்பிக்கு எதற்கு சிம்பல் என்று அதை மட்டும் போடவில்லை. ஷிண்டே ஐ.டி.ஐ.யில் கற்றபடி என் படத்தை வாசித்தார். இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று.

டிஸ்சார்ஜ் அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஷிண்டேவின் ஆள் வந்து சட்டத்தைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கழிவறையைக் காட்டினார். வாசல்வரை தாங்கிக்கொண்டு போனேன். அதற்குமேல் வராதே என்று தலையாட்டினார். பெற்ற மகள் முன்னால் எப்படி? நான் கம்பியைப் பார்க்கவே இல்லை. பெருமையோடு கதவைச் சாத்தினேன்.

உள்ளே அவர் ஊன்றியிருந்த கைத்தடியை விட்டுவிட்டு வலது கையால் பிடியைத் தேடியிருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு ஓடினோம். வேட்டி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். தூக்கப் போன நானும் வழுக்கி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். இந்த இடத்தில் மட்டும் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது.

"இன்னாடி இது, புடிக்கிற கம்பி செவுத்தாண்ட கீது?" என்றாள் அம்மா.

ஷிண்டேவுக்கு போன் போட்டுக் கத்தினேன். "மேடம், ட்ராயிங் மே ஜைஸா தா, வைஸாச் பனாயா," என்றார் அமைதியாக. படத்தில் இருந்தபடியே செய்தாராம். அவர் தப்பை நிரூபிக்க வேண்டும் என்று பிரிண்டை எடுத்துவந்தேன். கட்டிலில் கிடந்த அப்பா கை நீட்டி அதை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு காலியாக இருந்த கீழ் மூலையில் விரலை வைத்தார். பேனா கேட்டு சைகை காட்டினார். ஒரு கோணல் கூம்பு, இரண்டு வட்டம் போட்டார். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிக்கிறார் என்று அம்மாதான் சொன்னாள்.

மறுநாளே ஷிண்டே சரியான சட்டம் செய்து தந்தார். இரண்டு வருஷம் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு தானே போய்வந்தார். அன்றிலிருந்து நான் மளிகை லிஸ்ட் எழுதினால்கூட அம்மா, "மூலையில சிம்பல் போட்டியா?" என்பாள்.

போன மாதம் அப்பாவின் காரியப் பத்திரிகையை நான்தான் கம்ப்யூட்டரில் தயார் செய்தேன். பத்து நாளாக யாரிடமும் பேசாமல் இருந்த அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். பெயர் சரி, நேரம் சரி. கடைசியில் கீழ் மூலையில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

போட்டேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம், அது எந்தக் கம்பெனி விளம்பரம் என்று கேட்டார்கள்.