மூச்சை இழுத்தால் ஆமாம்

ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் ஹால்வோரின் கோட் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது.

மேலே இழுத்தான். வரவில்லை. கீழே இழுத்தான். கையோடு வந்துவிட்டது.

நார்வேயின் வடக்கே, நார்விக் நிலையத்தின் நடைமேடையில் காற்று கடலிலிருந்து நேராக ஏறி வந்துகொண்டிருந்தது. தோள்பையைத் துழாவினான். காரில் கிடக்க வேண்டிய ஆரஞ்சு நிற மேற்சட்டை ஒன்று அகப்பட்டது. இருட்டில் விளக்குப் பட்டால் பளிச்சென்று மின்னுகிற ரகம். அதைக் கோட்டுக்கு மேலே மாட்டி இறுக்கிக்கொண்டான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான்.

அப்போது தன்னைவிடப் பெரிய பையை முதுகில் சுமந்துகொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து அவனிடம் ஏதோ கேட்டாள். என்ஜின் இரைச்சலில் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

"...நீங்கதானே?"

என்னவென்று கேட்க வாயைத் திறந்தான். மேற்சட்டைக்குக் கழுத்து கிடையாது. குளிர் கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. "ஷ்ஷுப்" என்று மூச்சை உள்ளே இழுத்தான்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா!" என்று அவன் பின்னாலேயே பெட்டியில் ஏறினாள்.

நார்விக் பக்கத்தில் ஆமாம் என்று சொல்ல யாரும் நாக்கை அசைப்பதில்லை. மூச்சை உள்ளே இழுத்தால் ஆமாம். வரிசையில் கடைசி ஆள் நீங்கதானே என்று கேட்டிருப்பாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஹால்வோர் விட்டுவிட்டான். அன்றைக்குப் பேச அவனிடம் மொத்தம் நான்கு வாக்கியங்கள்தான் இருந்தன. அவற்றை ரான்வெய்க்காக வைத்திருந்தான்.

ரான்வெய் அவன் மனைவி. போன வாரம் சமையலறையில் நின்றபடி கேட்டாள்.

"ட்ரொன்ஹெய்ம் ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு. போகட்டுமா?"

அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூச்சை இழுத்தான்.

"ஆமாவா?" என்றாள். "அவ்வளவுதானா? நல்லது."

மறுநாளே மலைமேல் இருக்கும் அவர்களுடைய மரவீட்டுக்குப் போய்விட்டாள், அங்கிருக்கும் தன் சாமான்களை எடுக்க. இன்று மாலை ரயிலில் மலையிலிருந்து இறங்குவாள். நாளைக்குத் தெற்கே ட்ரொன்ஹெய்முக்குப் போய்விடுவாள். மலையில் அலைபேசி எட்டாது. சாலையும் கிடையாது. மலைக்கு அப்பால் பனிச்சரிவு என்பதால் வழக்கமான ரயிலும் இல்லை.

"ராத்திரி வானத்துல வர்ற துருவ ஒளியைக் காட்டற சுற்றுலா ரயில்தான் போகுது. அதுல வேணா ஏறிக்குங்க," என்றார் டிக்கெட் கொடுத்தவர். "மேல ரெண்டு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பும்."

அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஹால்வோர் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் அதே ரயிலில் அவள் இறங்கிவிடுவாள்.

அவன் நகராட்சியில் பழைய வரைபடங்களை அடுக்கி வைக்கிறவன். வரைபடங்கள் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து நான்கு வாக்கியங்களையும் உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

"ஒத்திகையா தம்பி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் எதிர் இருக்கைக்காரர். ஹெங்க் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டச்சுப் பல் மருத்துவர். "சத்தமாவே சொல்லுங்க. வழிகாட்டி சொல்றதைக் கேக்கத்தானே வந்திருக்கோம்."

"நான் வழிகாட்டி இல்லீங்க."

ஹெங்க் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டிக்கே திரும்பி அறிவித்தார். "வழிகாட்டி இல்லையாம்!"

பெட்டி முழுக்கச் சிரித்தது.

"நார்வேக்காரங்க நகைச்சுவை இப்படித்தான் இருக்கும்னு படிச்சிருக்கேன்," என்றார் ஹெங்க். "மூஞ்சியில ஒரு கோடு அசையாதாம். பாத்தீங்களா, அசையல."

லோரெட்டா என்ற இத்தாலிய அம்மாள் எட்டிப் பார்த்தாள். "வெளிச்சம் எப்ப வரும்?"

"தெரியாதும்மா."

"அடடா, என்ன நேர்மை! போன வருஷம் ஒருத்தன் இதோ வருது அதோ வருதுன்னே ராத்திரி முழுக்க நிக்க வெச்சான். வந்தது ஜலதோஷம்தான்."

எல்லாம் இந்த ஆரஞ்சுச் சட்டையால் வந்தது என்று ஹால்வோருக்குப் புரிந்தது. கழற்றினான். கோட் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே ரான்வெய் பின்னிக்கொடுத்த ஸ்வெட்டர், மார்பில் இரண்டு கலைமான்கள். "உள்ளூர் உடை!" என்று யாரோ கூவினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் அவசரமாகச் சட்டையை மறுபடி மாட்டினான்.

எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனான். அவன் உட்கார்ந்து முடிப்பதற்குள் பைகளும் போர்வைகளுமாக அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள்.

"இந்தப் பக்கத்து ஜன்னல்லதான் நல்லாத் தெரியும் போல," என்றார் ஹெங்க். "தம்பி சும்மா எந்திரிச்சு வருவாரா?"

ஏதாவது ஒன்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லப்படுவதைச் சொன்னான்.

"வெளிச்சம் வரும்போது வெள்ளைத் துணி எதையும் ஆட்டாதீங்க. எறங்கி வந்து தூக்கிட்டுப் போயிடும்."

லோரெட்டா தன் வெள்ளைக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு இருபது பேரும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தில் நார்வே மொழி பேசியது அந்தப் பெரிய பைக்காரி மட்டும்தான். தூவா என்று பெயர் சொன்னாள். நார்விக் பெண்தான். கல்லூரி மாணவி போல இருந்தாள். அவளிடம் மட்டும் ஹால்வோர் மனம்விட்டுச் சொன்னான்.

"ஏம்மா, இத்தனை பேருக்குன்னு ஒரு வழிகாட்டி இருக்கணும்ல? எங்க போய்த் தொலைஞ்சான்?"

"அவங்களுக்கு என்ன சூழ்நிலையோண்ணே."

"சூழ்நிலையாவது! பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாம்? கையில கெடைக்கட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்."

"கேளுங்கண்ணே," என்றாள் தூவா. அவள் காது சிவந்திருந்தது. ரயிலில் வெப்பத்தைக் கொஞ்சம் அதிகமாகத்தான் வைத்திருந்தார்கள்.

மலை நிலையத்தில் ரயில் நின்றது. நிலையத்துக்கு வலப்பக்கம் சுற்றுலாக்காரர்களுக்காக நெருப்பு மூட்டும் இடம் இருக்கிறது. மரவீடு இடப்பக்கம். ஹால்வோர் முதல் ஆளாகக் குதித்து இடப்பக்கம் நடந்தான்.

சற்று தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். பனிக்கு நடுவே இருபது நெற்றி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எல்லா விளக்குகளும் அவன் முதுகில் பட்டு, அவன் ஒரு கலங்கரை விளக்கம் போல மின்னினான்.

"அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினான். "நெருப்பு, உக்கார பெஞ்சு, எல்லாம் அங்கதான் இருக்கு!"

"கேட்டீங்களா?" என்றார் ஹெங்க் பின்னால் திரும்பி. "எல்லாரும் போற எடம் அந்தப் பக்கமாம். நம்மளை வேற எங்கயோ கூட்டிட்டுப் போறார்."

ஹால்வோர் வேகமாக நடந்தான். அவர்களும் வேகமாக நடந்தார்கள். முன்னே போகட்டும் என்று நின்றான். அவர்களும் நின்று, அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பார்த்தார்கள். அவன் பார்த்தது ஒரு பிர்ச் மரம். அதையும் படம் எடுத்தார்கள்.

கடைசியில் பாதையை விட்டு விலகிப் பனிக்குள் இறங்கினான். முழங்கால்வரை புதைந்தது. நகரத்து மனிதர்கள், பயந்து திரும்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். லோரெட்டா சந்தோஷத்தில் ஒரு கூச்சல் போட்டுவிட்டு அவன் காலடிக் குழிகளில் காலை வைத்து வந்தாள். வரிசையின் வாலில் தூவா, விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டே வந்தாள்.

"இந்த வழி எனக்குத் தெரியாதேண்ணே!" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"இது வழியே இல்லம்மா!"

மரவீட்டின் கதவை அவன் தட்ட வேண்டியிருக்கவில்லை. நெற்றி விளக்குகளின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ரான்வெய்யே திறந்தாள். காலணி போட்டிருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த பை. அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"யாரு இவங்கெல்லாம்?"

"தெரியல."

"தெரியாமத்தான் இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தியா?"

"நான் கூட்டிட்டு வரல. வந்துட்டாங்க."

"என்ன சொல்றாங்க?" என்று ஹெங்க் கேட்டார். தூவா கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தாள்.

"யாருன்னு அவங்க கேக்கறாங்க. தெரியலைன்னு இவர் சொல்றார்."

கூட்டம் ரசித்தது.

"ரான்வெய், உள்ள போய்ப் பேசலாமா?"

"உள்ள போய்ப் பேசலாமான்னு கேக்கறார்," என்றாள் தூவா.

"வேண்டாம்!" என்றாள் லோரெட்டா. "உள்ள போனா எங்களுக்குக் கேக்காது."

இந்தப் பெண்ணுக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று ஹால்வோருக்கு விளங்கவில்லை. அவளை நிறுத்தச் சொல்லவும் நேரமில்லை. ரான்வெய் பையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"பேசறதா? நீயா?" என்றாள். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. சொல்றதுன்னா இங்கயே சொல்லு."

ஹால்வோர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னான்.

"தப்பு என்னோடதுதான்."

தூவா மொழிபெயர்த்தாள். ஹெங்க் மெதுவாகத் தலையாட்டினார். அவருக்கும் மனைவி உண்டு.

"அன்னிக்கு நான் ஆமான்னு சொல்லல."

மொழிபெயர்த்தாள்.

"பேசத் தொடங்கறதுக்குத்தான் மூச்சை இழுத்தேன்."

இந்த வாக்கியத்தில் தூவா நின்றுவிட்டாள். அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கூட்டம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல், இந்தப் பக்கத்தில் மூச்சை இழுத்தால் ஆமாம் என்று பொருள் என்பதை விளக்கி, எப்படி என்று இழுத்தும் காட்டினாள். புரிந்ததா என்று பார்க்க இருபது பேரும் சேர்ந்து "ஷ்ஷுப்" என்று இழுத்தார்கள். இரண்டு பேருக்கு இருமல் வந்தது.

ரான்வெய்யின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவள் அதை அடக்கிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.

"நீ ட்ரொன்ஹெய்ம் போனா, நானும் வர்றேன்."

தூவா இதை மிக மெதுவாக மொழிபெயர்த்தாள். லோரெட்டா கைக்குட்டையைத் தேடினாள்.

"கல்யாணத்துக்கப்புறம் நீ சேந்தாப்புல நாலு வாக்கியம் பேசினது இன்னிக்குத்தான்," என்றாள் ரான்வெய். "அதுவும் மொழிபெயர்ப்போட."

"ம்."

"உன் வரைபடங்களை விட்டுட்டு இருப்பியா?"

"அதுங்க எங்கயும் போகாது. நீதான் போற."

"நெசமாவே வர்றியா?"

ஹால்வோர் மூச்சை இழுத்தான்.

"இரு," என்று அவள் கையை உயர்த்தினாள். "இது ஆமாவா, இல்ல பேசப் போறியா?"

மூச்சை வெளியே விட்டான். "ஆமா," என்றான், வாயைத் திறந்து.

அவள் பையைக் கீழே வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். கையுறை போட்ட கைகள், சத்தமே எழவில்லை. அந்த அமைதியில்தான் ரான்வெய் வானத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, மேல எவ்வளவு நேரமா இது நடக்குது? எல்லாரும் எங்களையே பாத்துட்டு நின்னா எப்படி? திரும்புங்க!"

திரும்பினார்கள். மலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு நேர் மேல்வரை பச்சை ஒளி. அவசரமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. அடியில் மெல்லிய சிவப்பு விளிம்பு. யாரும் சொல்லாமலே நெற்றி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லோரெட்டா கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டையைச் சட்டென்று கோட்டுக்குள் ஒளித்தாள். ஹெங்க் படம் எடுக்க மறந்து நின்றார்.

ஹால்வோரும் ரான்வெய்யும் வாசற்படியில் நின்றார்கள். அவள் அவனுடைய பிய்ந்த ஜிப்பைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றினாள்.

கீழேயிருந்து ரயிலின் ஊதல் கேட்டது.

"நான் நாளைக்கு எறங்கிக்கறேன்," என்றாள் ரான்வெய். "இவங்களை யாரு கொண்டுபோய் விடறது? பாதை வேற இல்லாம கூட்டிட்டு வந்திருக்க."

ஹால்வோருக்குக் கோபம் திரும்ப வந்துவிட்டது. இன்று பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டதால், மிச்சமிருந்த சொற்களெல்லாம் தாராளமாக வந்தன.

"இதுக்குன்னு சம்பளம் வாங்கற ஒருத்தன் இருக்கான்ல! ஆளையே காணோம்! அந்த வழிகாட்டி மட்டும் இப்ப என் முன்னாடி வந்து நிக்கட்டும்..."

தூவா பெரிய பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நின்னுட்டேண்ணே. வழிகாட்டி வேலையில எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள், பழைய ஆள் ஒருத்தர் ஆரஞ்சுச் சட்டையில வருவார், குறுக்க பேசாம அவர் பின்னாடியே போன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அது நீங்கதானேன்னு கேட்டேன். நீங்கதான் மூச்சை இழுத்தீங்க!"