குவைத்தக்கா வீட்டு உள்பூனை

பதுளை மாவட்டத்திலேயே மனிதனை முந்திக்கொண்டு பூனைக்குத் தனிக் கக்கூஸ் ஏற்பாடு செய்த ஒரே ஆள் எங்கள் குவைத்தக்காதான். எங்கே வேண்டுமானாலும் வந்து இதைச் சொல்வேன். எங்கள் லயம் என்பது ஒட்டிக் கட்டிய ஒரே வரிசை வீடுகள், பத்துக் காம்பரா. பத்துக் குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது. காலையில் கையில் வாளியோடு நாங்கள் வரிசையில் நிற்கும்போது, எதிர் ஜன்னலுக்குள் அந்த மஞ்சள் பூனை தன் சொந்த மணல் பேசினில் ஒரு அவசரமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அது எங்களைப் பார்க்கும். நாங்கள் அதைப் பார்ப்போம். அந்த வயிற்றெரிச்சலை எழுத எனக்குத் தமிழ் போதாது.

நான் பதுளை டவுனில் போன் ரிப்பேர் செய்கிறவன். குடியிருப்பது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில். அக்கா நடுக் காம்பரா. அவருக்கு அடையாள அட்டையில் நல்ல பெயர் ஒன்று உண்டு. வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்பிய அன்றைக்கே அந்தப் பெயருக்கு நாங்கள் பென்சன் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டி திறக்கும்போது சுற்றி நிற்பது லயத்துக்காரர்களின் பிறப்புரிமை. பால்மா டின், தைலம், பூப்போட்ட போர்வை என்று ஆளுக்கொரு கனவோடு நின்றோம். அக்கா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு சீப்பு. அடுத்தது மணி வைத்த சிறு கழுத்துப்பட்டி. மூன்றாவதாக ஒரு குட்டிப் பிளாஸ்டிக் அகப்பை.

"இது என்னத்துக்கு புள்ள? மாவு அள்ளவா?" என்று பக்கத்துக் காம்பரா ராக்கம்மா பெரியம்மா ஆசையாகக் கேட்டார்.

"பூனைக்கு, பெரியம்மா."

"பூன மாவு திங்குமா?"

அகப்பை எதை அள்ளுவதற்கு என்று அக்கா விளக்கினார். கூட்டம் தானாகக் கலைந்தது.

அந்தப் பூனை அவர் வீட்டு விறகுக் கட்டுக்குள் பிறந்ததுதான். ஆனால் அதுவரை அது லயத்துக்கே பொதுவாக இருந்தது, எங்கள் தண்ணீர்ப் பீலி மாதிரி. பத்து வீட்டு எலியையும் பார்த்துக்கொண்டது. பெயரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அக்கா வந்த மறுநாள் அதைப் பிடித்துக் குளிப்பாட்டி, சீவி, மணி கட்டி, ஹபீபி என்று பெயர் வைத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

"குவைத்துல பூனைங்க வெளிய போகாது தம்பி. பொறந்ததுலருந்து ஏசிக்குள்ளதான். வெளிய சுத்துறது எல்லாம் பூனையில சேத்தியே இல்ல."

இதில் ஒரு சிக்கல். லயத்துக் காம்பராவில் 'உள்ளே' என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். ஒரு அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற குட்டி வராந்தா, பின்னால் அடுப்படி. பத்துக் காம்பராவுக்கும் மேலே ஒரே நீளத் தகரக் கூரை. நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரனுக்கு அந்த இரண்டு முழத்தில்தான் கம்பெனியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதனால் முதல் காம்பராவில் கருவாடு பொரித்தால் கடைசிக் காம்பராவில் எனக்குச் சோறு இறங்கும். யார் வீட்டில் சண்டை என்றாலும் பத்து வீட்டிலும் தீர்ப்பு எழுதப்படும். இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு பூனையை உள்ளே வைப்பது என்பது காற்றுக்குப் பூட்டுப் போடுகிற வேலை.

அக்கா போட்டார். அவர் கணவர் ஆறுமுகண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை இரண்டு பக்கமும் கோணிச் சாக்கு வைத்து ஆணியடித்து அடைத்தார். கூலியாக அவருக்குக் கிடைத்தது இஸ்தோப்பு. பூனைக்குக் கட்டிலின் கால்மாடு பிடித்துப்போனதால் அண்ணன் வெளியே பெஞ்சுக்கு மாற்றப்பட்டார். பனியில் குரங்குத் தொப்பியும் கம்பளியுமாகச் சுருண்டிருந்தவரிடம், "என்னண்ணே இது?" என்று கேட்டேன்.

"காத்து நல்லாத்தான் வருது தம்பி" என்றார். பல் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது.

அக்கா பூனையிடம் தமிழில் பேச மாட்டார். எல்லாம் அரபிதான். வா என்பதற்கு 'தால்', கிளம்பு என்பதற்கு 'யல்லா', சோறு முடிந்தது என்பதற்கு 'கலாஸ்'. குவைத்தில் மேடம் வீட்டுப் பூனையிடம் மட்டும் தமிழிலேயே பேசினாராம்.

"அந்த வீட்லயே தமிழ் தெரிஞ்சது நானும் அந்தப் பூனையும்தான்" என்று பெருமையாகச் சொல்வார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அங்கே தமிழ், இங்கே அரபி. பூனைகளைக் குழப்புவதற்கென்றே விமானம் ஏறிய பெண்மணி என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. பூனை உள்ளே போன செய்தி எலிகளுக்கு எப்படியோ எட்டிவிட்டது. ராக்கம்மா பெரியம்மாவின் கோதுமை மா மூட்டை ஓட்டையானது. என் வீட்டில் ஒரு எலி பகலிலேயே என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுப்போனது. எல்லாருமாகப் போய்த் தோட்டத்துத் தலைவரிடம் முறையிட்டோம்.

தலைவர் தொழிற்சங்கத்து ஆள். எதையும் பேச்சுவார்த்தை என்று பெயர் வைக்காமல் அவரால் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே! தலைமுற தலைமுறையா நம்மள இந்த லயத்துக்குள்ளயே வச்சிருந்தாங்க. இன்னைக்கி அதே கொடும ஒரு வாயில்லாத சீவனுக்கு நடக்குது. பூனையோட நடமாடுற உரிமைய யாரும் பறிக்க முடியாது!"

கைதட்டல் பலமாக இருந்தது. எலிக்கடி பட்டவர்கள் எல்லாரும் திடீரென்று சுதந்திரப் போராளிகளாகிவிட்டோம்.

அக்கா எழுந்தார். "சரி தலைவரே. மலையில காட்டுப்பன்னிக்கு கம்பி சுருக்கு வச்சிருக்காங்களா இல்லையா?"

"வச்சிருக்காங்க."

"சிறுத்த வந்து நாயத் தூக்கிட்டுப் போச்சா இல்லையா?"

"போச்சு."

"கொழுந்து லொறி?"

"அது... ஓடுது."

"அப்ப வெளிய விடுறேன். ஒண்ணும் ஆகாம திரும்பி வரும்னு ஆத்தா முன்னால சூடத்த ஏத்தி அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இப்பவே விடுறேன்."

பூசாரி உதவிக்கு ஓடி வந்து சூடத்தை ஏற்றியே விட்டார். தலைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பள உயர்வு வாங்கித் தருவதாக எத்தனையோ மேடையில் நெஞ்சைத் தட்டிச் சொன்னவர். ஆனால் அதெல்லாம் வெறும் வாய்ச்சத்தியம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல் தவறினால் மாரியாத்தா நேரில் வந்து கணக்குத் தீர்ப்பாள் என்பது எங்கள் தோட்டத்தில் கட்சி பேதம் இல்லாத நம்பிக்கை. சூடம் தானாக எரிந்து அணைந்தது. பேச்சுவார்த்தை ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஒரு மழைவிட்ட பின்னேரம். அன்று எனக்குக் கடை லீவு. பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கி லயத்து வாசலுக்கே வந்திருந்தது. அக்கா பீலியிலிருந்து குடத்தோடு வந்தார், பூட்டைத் திறந்தார், உள்ளே போனார். பூனை இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. விறகுக் கட்டில் இல்லை. இஸ்தோப்பில் நின்று, "ஹபீபி! தால்! தால்!" என்றார். அதிகாரமாகத்தான் ஆரம்பித்தார். நாலாவது தடவை குரல் உடைந்துவிட்டது.

அதைக் கேட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க யாராலும் முடியவில்லை. லயமே இறங்கியது. ஆளுக்கொரு நிரையாகத் தேயிலைக்குள் நுழைந்து கூப்பிட ஆரம்பித்தோம். எந்த மொழியில் கூப்பிடுவது? அதற்குத் தெரிந்ததெல்லாம் அரபிதானே. கோதுமை மாவைப் பறிகொடுத்த ராக்கம்மா பெரியம்மா, "அபீபீ! யல்லா சாமி, யல்லா!" என்று கும்பிடாத குறையாக அழுதார். தலைவர் மைக் இல்லாமலே மலை அதிர, "தால்! தால்!" என்றார். பனிக்குள்ளே பத்துக் குடும்பமும் அரபியில் கத்திக்கொண்டு நடந்தது. மேல் மலையிலிருந்து கணக்கப்பிள்ளை ஓடிவந்து, "எந்த நாட்டு டூரிஸ்ட்டுங்க வழி தப்பிட்டாங்க?" என்று கேட்டார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிரைக்குள் இறங்கினார்.

அக்கா பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் என் மனைவி சாந்தியும் பக்கத்தில் நின்றோம்.

"அதும் இப்படித்தான் தம்பி போச்சு" என்றார்.

"எது அக்கா?"

"அங்க இருந்துச்சே. மேடம் என்னமோ பேரு வச்சிருந்தா. நான் வெள்ளச்சின்னுதான் கூப்புடுவேன். குப்பைய வெளிய வைக்க கதவத் தொறந்தேன், காலுக்குள்ள பூந்து போயிருச்சு. தேடிப் போகலாம்னா, என்னையத்தான் வெளிய விட மாட்டாங்களே. மூணு வருஷமும் அந்த வாசப்படிய நான் தாண்டல. ஜன்னல்ல நின்னுக்கிட்டு வெள்ளச்சி, வெள்ளச்சின்னு கத்துறேன். அந்த ஊர்ல தமிழ்ல கத்துனா யாருக்குத் தம்பி புரியும்? மேடம் மறு வாரமே வேற பூன வாங்கிட்டா. அதுக்கிட்ட நான் பேசவே இல்ல."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த விஷயம் இதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, யார் மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது.

சாந்தி அக்காவின் கையைப் பிடித்தாள். "இருங்க அக்கா, வீட்ல டார்ச்சு இருக்கு, எடுத்துட்டு வாறேன்" என்று ஓடினாள். ஓடியவள் எங்கள் காம்பராவுக்குள்ளிருந்து போட்ட சத்தம் மலைக்கே கேட்டது.

"ஏங்க! இங்க வாங்க! நம்ம பரண்ல படுத்திருக்குங்க!"

எல்லாரும் ஓடினோம். எங்கள் பரணில், என் பழைய போன் டப்பாக்களுக்கு நடுவில், ஹபீபி முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு எலியின் வால். எலியின் மற்ற பாகங்களை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆறுமுகண்ணன் போய்த் தன் காம்பராவின் கோணிச் சாக்கைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சாக்கின் மூலையில் ஒரு பூனை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை. வெளிப்பக்கத்திலிருந்து எலிகளே கடித்துக் கொடுத்த வழி. அந்த வழியாக அது சுவருக்குச் சுவர் தாவி, வாசல்படியைத் தாண்டாமலே என் வீடு வரைக்கும் டியூட்டி பார்க்க வந்திருக்கிறது.

அக்கா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தமிழில் திட்டினார். அப்படி ஒரு தமிழை வெகுநாள் கழித்துக் கேட்டோம். இங்கே எழுத முடியாது.

தலைவர் சந்தர்ப்பத்தைத் தவறவிடவில்லை. "இப்ப யோசிச்சுப் பாருங்க. பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. அப்ப பத்தும் சேந்து ஒரே வீடு. பூன வீட்டுக்குள்ளதான் இருக்கு. அக்கா சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி!" அவருடைய சங்க வாழ்க்கையிலேயே இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரே தீர்வு அதுதான். சாக்குகள் கழற்றப்பட்டன. வெளிக்கதவுகளைச் சாத்தி வைப்பது மட்டும் பத்துக் குடும்பத்தின் பொறுப்பு. கட்டிலின் கால்மாடு காலியானதால் ஆறுமுகண்ணனும் உள்ளே அனுமதிக்கப்பட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் சாமான் விலை ஏறிக்கொண்டே போனது, தொழிற்சாலையில் வேலைநாள் குறைந்தது, விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகனுக்குச் செலவு இருந்தது. அக்கா மறுபடியும் குவைத்துக்குப் பெட்டி கட்டினார்.

கிளம்புகிற அன்று காலையில் எங்கள் எல்லாரையும் கோயில் வாசலுக்கு வரச்சொன்னார். தட்டில் சூடம் எரிந்தது. கேட்பதற்கு முன்பே தலைவர் முதல் ஆளாக உள்ளங்கையை வைத்து அணைத்தார். மறுபடி ஏற்ற ஏற்ற, வீட்டுக்கு ஒருவராக அணைத்தோம். கதவைச் சாத்தி வைப்போம், ஹபீபியைப் பார்த்துக்கொள்வோம், கேட்டால் உள்ளதைச் சொல்வோம்.

கடைசியாகச் சாந்தி தட்டை வாங்கி அக்கா முன்னால் நீட்டினாள். "இப்ப நீங்க அணைங்க."

"நான் என்னத்துக்கு?"

"வாரத்துல ஒரு நாளாவது வெளிய விடாத வீட்ல இருக்க மாட்டேன்னு."

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு அணைத்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும், நான் கடையிலிருந்து வந்து முகம் கழுவும் நேரத்துக்குப் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "தம்பி, உள்ளயா வெளியயா?" சூடம் அணைத்தவன் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. பரணில் பார்த்து, இல்லையென்றால் இஸ்தோப்பு இஸ்தோப்பாக நடந்து, எந்தக் காம்பராவிலாவது அந்த மணியைக் கேட்ட பிறகுதான் பதில் சொல்வேன். "உள்ளதான் அக்கா."

அதற்கு அடுத்தது என் முறை. "நீங்க அக்கா? உள்ளயா வெளியயா?"

"வெளியதான் தம்பி. கடக்கரையில ஒக்காந்திருக்கேன். இந்தா, கேளு" என்று போனைத் தூக்கிப் பிடிப்பார். காற்றும் அலையும் யாரோ பிள்ளைகள் ஓடுவதும் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சோறு இறங்குகிறது.